ஜிபிஎஸ் கைவிட்டால் எதை நம்பிப் படகைத் திருப்புவது?

படகுக்கு ஏதாவது செய்யலாம் என்று கையில் கொஞ்சம் பணம் சேர்ந்தால் மனசு முதலில் வலைக்குப் போகும், அப்புறம் இன்ஜினுக்கு. அது இயல்பு. ஆனால் தங்குகடலுக்கு, அதாவது பல நாள் கடலிலேயே தங்கித் தொழில் செய்ய, போகிற படகு வைத்திருப்பவர்கள் அந்தக் கணக்கில் இன்னொரு செலவையும் சேர்த்து யோசிக்க வேண்டிய காலம் இது. ஜிபிஎஸ் திரை அணைந்துபோனால், அல்லது அணையாமலே தப்பான இடத்தைக் காட்டினால், எதை வைத்துக் கரைக்கு வருவது? கடைக்காரர் இன்னொரு ஜிபிஎஸ் வாங்கி வைக்கச் சொல்வார். கப்பல் படிப்பு படித்தவர் காம்பஸையும் கடல் வரைபடத்தையும் காட்டுவார். ஊர்ப் பெரியவர், கணியம், அதாவது கரை அடையாளங்களை வைத்து இடம் அறிவது, தெரிந்தவனுக்குப் பெட்டி எதற்கு என்பார். மூன்று பேர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. எந்தக் கோளாறுக்கு எது உதவும் என்று பிரித்துப் பார்த்த பிறகுதான் பணத்தை எதில் போடுவது என்பது தெளிவாகும்.

இதை வீண் பயம் என்று தள்ளிவிட முடியாது. 2016-இல் வட கொரியாவிலிருந்து வந்த இடையூறு அலைகளால் தென் கொரியாவின் மீன்பிடிப் படகுகள் நூற்றுக்கணக்கில் தொழிலைப் பாதியில் விட்டுத் துறைமுகம் திரும்பின. 2017 ஜூனில் கருங்கடலில், ரஷ்யாவின் நொவொரோசிஸ்க் துறைமுகத்துக்கு அருகே, தண்ணீரில் மிதந்துகொண்டிருந்த சுமார் 20 கப்பல்களின் ஜிபிஎஸ், அவை ஒரு விமான நிலையத்தில் நிற்பதாகக் காட்டியது. நம் நாட்டிலேயே 2023 நவம்பர் முதல் 2025 பிப்ரவரி வரை எல்லையோரத்தில், பெரும்பாலும் அமிர்தசரஸ், ஜம்மு பகுதிகளில், விமானங்கள் 465 முறை ஜிபிஎஸ் இடையூற்றைச் சந்தித்ததாக அரசு நாடாளுமன்றத்தில் தெரிவித்தது. இவையெல்லாம் பதற்றம் உள்ள இடங்கள். நாளைக்கே நம் தென்கடலுக்கும் வந்துவிடும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஜிபிஎஸ் கெடுவதற்குப் போர்தான் வேண்டும் என்பதில்லை.

கோளாறுகள் எல்லாம் ஒரே மாதிரி இல்லை

நம் படகுகளில் முதலில் எதிர்பார்க்க வேண்டியது சாதாரணக் கோளாறைத்தான். பேட்டரி இறங்கிவிடும். உப்புக்காற்று ஆன்டெனா வயரின் முனையை அரித்துவிடும். அலை உள்ளே அடித்து ஃபியூஸ் போகும். இங்கே செயற்கைக்கோள் மேல் எந்தக் குற்றமும் இல்லை.

அடுத்தது செயற்கைக்கோள் பக்கத்துக் கோளாறு. 2014 ஏப்ரலில், ஜிபிஎஸ் போலவே இடம் காட்டும் ரஷ்யாவின் குளோனாஸ் தப்பான தரவு ஏற்றப்பட்டதால் சுமார் 11 மணி நேரம் தடுமாறியது. 2019 ஜூலையில் ஐரோப்பாவின் கலிலியோ ஏறக்குறைய ஒரு வாரம் முடங்கியது. அமெரிக்காவின் ஜிபிஎஸ் இதுவரை அப்படி ஒட்டுமொத்தமாகப் படுத்ததில்லை. அது அவர்களுடைய உழைப்புக்குக் கிடைத்த பலன். நமக்கு யாரும் எழுதிக்கொடுத்த உத்தரவாதம் ஆகாது.

மூன்றாவது வானம் செய்யும் வேலை. 2024 மே மாதம் வந்த பெரிய சூரியப் புயலின்போது அமெரிக்க விவசாயிகள் விதைப்பு நேரத்தில் டிராக்டரை நிறுத்திவிட்டுக் காத்திருந்தார்கள். அவர்களுடைய டிராக்டர்கள் ஜிபிஎஸ் காட்டும் வரிசையில்தான் ஓடுகின்றன. இந்த விஷயத்தில் நம் தென்முனைக்குத் தனி அக்கறை வேண்டும். பூமியின் காந்தப்புலத்துக்கு நடுவாக அமையும் காந்த நடுக்கோடு நம் தலைக்கு மேலேதான் போகிறது. 1963-இல் தும்பாவில் ராக்கெட் தளம் அமைத்ததும், திருநெல்வேலிக்கு அருகே கிருஷ்ணாபுரத்தில் புவிகாந்த ஆய்வுக்கூடம் இருப்பதும் அதனால்தான். இந்தக் கோட்டுக்கு மேலே, சூரியன் மறைந்த பிறகு, வானத்தின் மேலடுக்கான அயனி மண்டலத்தில் குமிழ்கள் போல வெற்றிடங்கள் கிளம்பி வடக்கும் தெற்குமாகப் பரவும். செயற்கைக்கோள் அலை அதன் வழியாக வரும்போது நடுங்கும். ஜிபிஎஸ் பெட்டி ஒவ்வொரு செயற்கைக்கோளாகப் பிடியை விடும். மார்ச், ஏப்ரல், செப்டம்பர், அக்டோபர் மாத முன்னிரவுகளிலும், சூரியன் சுறுசுறுப்பாக இருக்கும் ஆண்டுகளிலும் இது அதிகம். மாலையில் ஜிபிஎஸ் கொஞ்ச நேரம் கிறுக்குப் பிடித்தது போல ஆடிவிட்டுத் தானாகச் சரியானால், பெட்டியைத் திறந்து பார்ப்பதற்கு முன் இதையும் நினைத்துப் பாருங்கள்.

நான்காவது, மனிதர்கள் வேண்டுமென்றே செய்வது. ஜிபிஎஸ் செயற்கைக்கோள் 20,200 கிலோமீட்டர் உயரத்திலிருந்து ஒரு குண்டு பல்பு எரியும் அளவு சக்தியில்தான் பேசுகிறது. தரைக்கு வந்து சேரும்போது அதில் ஒன்றுமே மிச்சம் இருக்காது. அதைவிடச் சத்தமாகப் பக்கத்தில் ஒரு சின்னக் கருவி கத்தினாலே போதும், அலை மூழ்கிவிடும். இன்னும் கெட்டிக்காரத்தனமாகச் செய்தால், பொய் அலையை அனுப்பிப் பெட்டியை நம்பவைத்து வேறு இடத்தைக் காட்டச் சொல்லலாம். கருங்கடலில் நடந்தது இந்தக் கடைசி வகை.

மேலே சொன்னவற்றை இரண்டாகப் பிரிக்கலாம். திரை அணைவது ஒன்று. திரை அணையாமல் தப்பாகக் காட்டுவது இன்னொன்று. முதலாவது நம்மை எழுப்பிவிடும்; இரண்டாவது தூங்கவைத்துக் கொண்டுபோய்ப் பாறையில் விடும்.

ராயல் மெஜஸ்டி தரைதட்டியது

இதற்கு யாருடைய சதியும் தேவையில்லை என்பதற்கு 1995 ஜூன் மாதம் நடந்த ஒரு விபத்தைச் சொல்ல வேண்டும். ராயல் மெஜஸ்டி என்ற சுற்றுலாக் கப்பல் பெர்முடாவிலிருந்து பாஸ்டனுக்குக் கிளம்பியது. கிளம்பிக் கொஞ்ச நேரத்திலேயே ஜிபிஎஸ் ஆன்டெனா வயர் கழன்றுவிட்டது. பெட்டி அணையவில்லை. கடைசியாகத் தெரிந்த இடத்திலிருந்து வேகத்தையும் திசையையும் வைத்துத் தானாகக் கணக்குப் போட்டு இடம் காட்ட ஆரம்பித்தது. அப்படி மாறிவிட்டேன் என்பதற்கு அடையாளமாகத் திரையில் சின்னதாக இரண்டு எழுத்து மட்டும் தெரிந்தது. காற்றும் நீரோட்டமும் கப்பலைப் பக்கவாட்டில் தள்ளியது அதன் கணக்கில் வரவில்லை. தானோட்டி அந்தக் கணக்கை நம்பி ஓட்டியது. அதிகாரிகள் மணிக்கு ஒரு தடவை ஒழுங்காக வரைபடத்தில் புள்ளி வைத்தார்கள்; ஆனால் அதே பெட்டியிலிருந்து எடுத்த புள்ளியை. சுமார் 34 மணி நேரம் கழித்து, இருக்க வேண்டிய இடத்திலிருந்து 17 மைல் விலகி, நான்டக்கெட் தீவுக்குக் கிழக்கே மணல் திட்டில் கப்பல் ஏறி உட்கார்ந்தது. கப்பலில் சுமார் 1,500 பேர். நல்லவேளை, யாருக்கும் காயமில்லை.

விசாரணை அறிக்கையில் என்னை உலுக்கிய பகுதி அப்புறம் வருவது. கப்பலில் லோரான் என்ற தரைவழி ரேடியோக் கருவி சரியாக வேலை செய்துகொண்டிருந்தது. ஆழம் காட்டும் கருவி இருந்தது. ரேடாரில் ஒரு மிதவை தெரிந்தது. தாங்கள் எதிர்பார்த்த மிதவை அதுதான் என்று வைத்துக்கொண்டார்கள், உண்மையில் அது வேறு மிதவை. முன்னால் தண்ணீர் நீலமும் வெள்ளையுமாகத் தெரிகிறது என்று காவலுக்கு நின்றவர் சொல்லியும் பாதை மாறவில்லை. மாற்று வழிகள் அத்தனையும் கப்பலிலேயே இருந்தன, ஒன்றையும் மற்றொன்றோடு யாரும் ஒத்துப் பார்க்கவில்லை. அதனால் எந்தக் கருவியை வாங்குவது என்று யோசிக்கும்போது, அதைத் தினமும் யார், எப்போது பார்க்கப்போகிறார் என்பதையும் சேர்த்தே யோசிக்கச் சொல்கிறேன்.

இன்னொரு ஜிபிஎஸ்

சாதாரணக் கோளாறுக்கு இதுதான் நல்ல பதில். அதில் எனக்குச் சந்தேகமில்லை. படகு பேட்டரியோடு சம்பந்தமில்லாமல், கடையில் கிடைக்கும் சின்ன பேட்டரியில் ஓடும் கையடக்க ஜிபிஎஸ் ஒன்றைத் தண்ணீர் புகாத டப்பாவில் போட்டு வைத்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும். செல்போனும் சிக்னல் இல்லாத இடத்தில் இடம் காட்டும், வரைபடத்தை முன்கூட்டியே இறக்கி வைத்திருந்தால்.

குளோனாஸ், கலிலியோ, சீனாவின் பெய்டூ எல்லாவற்றையும் சேர்த்துப் பிடிக்கும் கருவியாக இருந்தால், ஒரு நாட்டின் அமைப்பு முடங்கினாலும் மற்றவை தாங்கும். ஆனால் இடையூறு அலை என்று வரும்போது இந்தக் கணக்கு எடுபடாது. ஜிபிஎஸ், கலிலியோ, பெய்டூ மூன்றும் 1575.42 மெகாஹெர்ட்ஸில் பேசுகின்றன. குளோனாஸ் பக்கத்திலேயே 1602-இல் இருக்கிறது. ஒன்றை மூழ்கடிக்கிற கருவி மற்றவற்றையும் மூழ்கடிப்பது எளிது. நம் நாட்டின் சொந்த இடங்காட்டும் அமைப்பான நாவிக் அந்த வகையில் வேறுபட்டது. அதன் முதல் தலைமுறைச் செயற்கைக்கோள்கள் 1176.45 மெகாஹெர்ட்ஸிலும் 2492 மெகாஹெர்ட்ஸிலும் பேசுகின்றன. மனசார இதை ஆதரிக்கத் தோன்றுகிறது. ஆனால் படகை நம்பி ஒப்படைக்கும் நிலைக்கு அது இன்னும் வரவில்லை. செயற்கைக்கோள்களில் இருந்த அணுக்கடிகாரங்கள் வரிசையாகப் பழுதாயின. 2017-இல் மாற்றாக அனுப்பிய செயற்கைக்கோள் ராக்கெட்டின் மூடி திறக்காமல் வீணானது. 2023 மே மாதம் போன என்விஎஸ்-01 நன்றாக அமைந்தது. 2025 ஜனவரியில் போன என்விஎஸ்-02 வால்வு திறக்காமல் தன் பாதைக்குப் போய்ச் சேரவில்லை. 2025 நடுவில் இடம் காட்டும் சேவை தந்தவை நான்கே செயற்கைக்கோள்கள். இடம் கணிக்கக் குறைந்தது நான்கு வேண்டும். ஒன்று படுத்தாலும் கதை முடிந்தது.

இன்னொன்றையும் மறக்கக் கூடாது. படகு இருக்கும் இடத்தை மற்றவர்களுக்குத் தெரிவிக்கும் ஏஐஎஸ், டிரான்ஸ்பாண்டர், வயர்லெஸ்ஸில் உள்ள சிவப்பு அவசரப் பொத்தான் எல்லாமே ஜிபிஎஸ் சொல்லும் இடத்தைத்தான் கரைக்குச் சொல்கின்றன. ஜிபிஎஸ் தப்பாகக் காட்டும்போது பொத்தானை அமுக்கினால், தேடி வருகிறவர்களும் தப்பான இடத்துக்குத்தான் போவார்கள். அந்த நேரத்தில் வாயால் சொல்ல நம்மிடம் வேறு கணக்கு ஒன்று இருக்க வேண்டும்.

காம்பஸ், வரைபடம், நோட்டுப் புத்தகம்

பூமியின் காந்தத்தை எவனாலும் ஜாம் பண்ண முடியாது. தமிழ்நாட்டுக் கடலில் உண்மையான வடக்குக்கும் காம்பஸ் காட்டும் வடக்குக்கும் உள்ள வித்தியாசம் சுமார் 2 டிகிரிக்குள் அடங்கிவிடும். உலகின் பல கடல்களில் இந்த வசதி கிடையாது. பெரிய பிழை படகிலேயே இருக்கிறது. இன்ஜின் இரும்பு, பாட்டுப் பெட்டியின் ஸ்பீக்கர், காம்பஸ் பக்கத்தில் வைத்த செல்போன், இவை ஊசியை 10 டிகிரிகூட இழுக்கும். அதனால் வாங்கினால் மட்டும் போதாது. கரையில் நன்றாகத் தெரிந்த இரண்டு அடையாளங்களை ஒன்றன்பின் ஒன்றாக வைத்துக்கொண்டு படகை ஓட்டி, காம்பஸ் எத்தனை டிகிரி தள்ளிக் காட்டுகிறது என்று எட்டுத் திசைக்கும் எழுதி வைக்க வேண்டும். ஒரு காலைப்பொழுது வேலை.

பிழை எவ்வளவு வரும் என்பதற்கு மாலுமிகள் வைத்திருக்கும் கணக்கு எளிது: 1 டிகிரி தவறினால் 60 மைலுக்கு 1 மைல் விலகும். நல்ல காம்பஸ், கவனமான கை இருந்தாலும் 5 டிகிரி பிழை சாதாரணம். 100 மைல் தள்ளி இருந்து திரும்பினால் 8, 9 மைல் விலகி வந்து சேரலாம். இதோடு நீரோட்டம் சேரும். மணிக்கு ஒரு மைல் நீவாடு (நீரோட்டம்) எட்டு மணி நேரம் இழுத்தால் 8 மைல். நீவாடு எந்தப் பக்கம், எவ்வளவு என்பதை வலை இழுபடும் விதத்தை வைத்தே நம் ஆட்கள் சொல்லிவிடுவார்கள். கருவி எதுவும் இல்லாமல் கிடைக்கும் இந்தத் தகவலை வரைபடக் கணக்கில் சேர்த்தால், கப்பல் படிப்பு படித்தவரின் கணக்கைவிட உங்கள் கணக்கு நெருக்கமாக இருக்கும்.

வேகம்? அதையும் ஜிபிஎஸ் இல்லாமல் பார்க்கலாம். படகின் முன்பக்கமான அணியத்திலிருந்து ஒரு தெர்மாகோல் துண்டைத் தண்ணீரில் போடுங்கள். அது பின்புறத்தைக் கடக்க எத்தனை விநாடி என்று எண்ணுங்கள். படகின் நீளத்தை மீட்டரில் வைத்து, அதை இரண்டால் பெருக்கி, விநாடியால் வகுத்தால் வேகம் நாட் கணக்கில், அதாவது மணிக்கு எத்தனை கடல் மைல் என்று, வரும். 20 மீட்டர் படகை அது கடக்க ஐந்தரை விநாடி என்றால் ஏறக்குறைய 7 நாட். ஐஸ் ஏற்றிப் போகும்போது ஒரு வேகம், மீன் ஏற்றி வரும்போது ஒரு வேகம். இன்ஜின் சுற்றோடு சேர்த்து இரண்டையும் எழுதி வைத்தால் அப்புறம் தெர்மாகோல்கூட வேண்டாம்.

இந்த முறையின் அருமை, தன் பிழையைத் தானே ஒப்புக்கொள்வது. பிழை வரும் என்று தெரிந்தே பழைய மாலுமிகள் துறைமுகத்துக்கு நேராக ஓட்டமாட்டார்கள். அரபிக்கடலில் 100 மைல் தென்மேற்கே இருந்து தேங்காய்ப்பட்டணம் திரும்புகிறீர்கள் என்று வையுங்கள். நேராக ஓட்டிக் கரை தெரியும்போது துறைமுகம் காணவில்லை என்றால், அது இடப்பக்கமா வலப்பக்கமா என்று தெரியாது. அதற்குப் பதில் வேண்டுமென்றே முட்டத்தைக் குறிவைத்து ஓட்டுங்கள். முட்டம் தேங்காய்ப்பட்டணத்துக்குத் தென்கிழக்கே சுமார் 11 மைல். எவ்வளவு விலகினாலும் கரை தெரிந்ததும் இடப்பக்கம் திரும்பினால் போதும், துறைமுகம் அந்தப் பக்கம்தான். 5 டிகிரி பிழையை இந்த 11 மைல் தாங்கிக்கொள்கிறது. நீவாடு பலமாக இருந்தால் இன்னும் கொஞ்சம் தள்ளிக் குறிவைக்கலாம்.

பலவீனம் என்னவென்றால், தொடக்கப் புள்ளி தெரியாமல் இந்தக் கணக்கே கிடையாது. ஜிபிஎஸ் அணைந்த பிறகு நோட்டைத் தேடினால் பயனில்லை. மணிக்கு ஒரு தடவை இடம், திசை, வேகம், ஆழம் நான்கையும் எழுதும் பழக்கம் ஏற்கெனவே இருந்திருக்க வேண்டும். ஆழம் எதற்கு என்றால், அதை அளக்கும் எக்கோ சவுண்டருக்குச் செயற்கைக்கோள் தேவையில்லை. கன்னியாகுமரிக்குத் தெற்கே கடல் படுகை முடிந்து திடீரென்று ஆழம் இறங்கும் விளிம்பு வரைபடத்தில் தெளிவாக இருக்கிறது. அந்த விளிம்பைக் கடந்த நிமிடம் நீங்கள் எந்தக் கோட்டில் இருக்கிறீர்கள் என்று தெரிந்துவிடும். பாக் நீரிணையில் அது நடக்காது. அங்கே அடி கிட்டத்தட்டச் சமதளம், பல மைலுக்கு ஆழம் மாறாது.

கணியம்

கரையோரத் தொழிலுக்கு இதை மிஞ்சிய முறை இல்லை என்றே நினைக்கிறேன், ஜிபிஎஸ்ஸையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். முறை இதுதான். கரையில் முன்னால் ஓர் அடையாளம், ஒரு கோயில் கோபுரமோ தேவாலயக் கூம்போ. அதற்குப் பின்னால் தூரத்தில் ஒரு மலை முகடு. இரண்டும் ஒன்றன்மேல் ஒன்றாக விழும் கோட்டில் படகை வைக்க வேண்டும். வேறு திசையில் இதேபோல் இன்னொரு ஜோடி. இரண்டு கோடும் வெட்டும் இடத்தில் பார் (மீன் கூடும் கடலடிப் பாறை) இருக்கும். அதன்மேல் தூண்டில் விழும்.

எவ்வளவு துல்லியம் என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம். முன் அடையாளம் 5 கிலோமீட்டர் தூரத்திலும் பின் அடையாளம் 20 கிலோமீட்டர் தூரத்திலும் இருக்கட்டும். படகு 50 மீட்டர் பக்கவாட்டில் நகர்ந்தால் இரண்டு அடையாளத்துக்கும் நடுவே விழும் இடைவெளி முழுநிலாவின் அகலத்துக்குக் கொஞ்சம்தான் குறைவு. கண் அதைத் தவறவிடவே முடியாது. இதற்குக் காம்பஸ் வேண்டாம், பேட்டரி வேண்டாம், காந்தப் பிழை கிடையாது, வெளியிலிருந்து யாரும் கெடுக்கவும் முடியாது. திருச்செந்தூர்க் கோபுரமும் மணப்பாடு குன்றின் மேலுள்ள தேவாலயமும் கூடங்குளத்துக் குவிமாடங்களும் மகேந்திரகிரியும் நம் கரையில் இயற்கையாகவே அமைந்துவிட்ட கருவிகள்.

எல்லை என்ன? தூரமும் வெளிச்சமும். படகில் நிற்பவர் கண்ணுக்குக் கடல்வட்டம் (கடலும் வானமும் தொடும் கோடு) மூன்று மைலில் முடிகிறது. 133 அடி திருவள்ளுவர் சிலையைக் கணக்குப்படி சுமார் 16 மைல் வரை பார்க்கலாம். 1,654 மீட்டர் உயரமுள்ள மகேந்திரகிரி 80 மைலிலும் தெரிய வேண்டும். ஆனால் புழுதியும் மேகமும் அதற்கு விடுவதில்லை. மழைக்காலத்தில் பத்து மைலில்கூட மலை காணாமல் போகும். இரவில் கலங்கரை விளக்கங்கள் மட்டும் மிச்சம். ஒவ்வொன்றும் மின்னும் இடைவெளி வேறு என்பதால் எந்த விளக்கு என்று எண்ணியே சொல்லலாம்.

என் வருத்தம் வேறொன்று. பாரின் இடத்தை எண்ணாக ஜிபிஎஸ்ஸில் சேமித்துவிட்டால் மகனுக்குக் கணியம் சொல்லித்தர வேண்டிய தேவை போய்விடுகிறது. சொல்லித்தராத கணியம் ஒரு தலைமுறையில் அழியும். அப்புறம் எவ்வளவு பணம் கொடுத்தாலும் கடையில் கிடைக்காது. மரம் வெட்டப்பட்டு, புதுக் கட்டடம் மறைத்து, பழைய அடையாளங்களும் மாறிக்கொண்டே இருக்கின்றன. புழக்கத்தில் இருந்தால்தான் அவற்றைப் புதுப்பிக்கவும் ஆள் இருக்கும்.

வெள்ளி (விண்மீன்) பார்ப்பது, செக்ஸ்டன்ட் பிடிப்பது

அமெரிக்கக் கடற்படை அகாடமி கைவிட்டிருந்த விண்மீன் வழிகாணும் பாடத்தை 2015-இல் மறுபடி கொண்டுவந்தது. அதைப் படித்துவிட்டு, விண்மீனும் சூரியனும் எவ்வளவு உயரத்தில் நிற்கின்றன என்று அளக்கும் செக்ஸ்டன்ட் வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கு என் பதில்: நம் படகுக்கு வேண்டாம். ஆடும் படகில் பழகாத கை அளந்தால் பத்து மைல் தவறுவது எளிது. நேரத்தில் 4 விநாடி பிசகினால் ஒரு மைல் போச்சு. ஒவ்வொரு ஆண்டும் பஞ்சாங்கம் போல ஒரு புத்தகம் வாங்க வேண்டும். விண்மீனும் கடல்வட்டமும் சேர்ந்து தெரியும் அந்திப்பொழுது நம் பக்கம் சீக்கிரம் முடிந்துவிடும். நண்பகல் சூரியனை அளக்கலாம் என்றால், ஏப்ரல் இரண்டாம் வாரத்திலும் ஆகஸ்ட் கடைசியை ஒட்டியும் கன்னியாகுமரியில் அது நடு உச்சியில் நிற்கும். உச்சியில் உள்ளதை அளப்பதுதான் மிகக் கடினம். வடமீனோ (துருவ நட்சத்திரம்) எட்டு டிகிரி உயரத்தில் அடிவானப் புகையில் புதைந்து கிடக்கும். சோழமண்டலக் கரையின் பழைய மாலுமிகள் ராப்பலகை என்ற சிறு பலகையால் அதன் உயரத்தை விரல் கணக்கில் அளந்து ஊர் சேர்ந்தார்கள். பெருமைக்குரிய அறிவு அது. ஆனால் ஒரு விரல் என்பது சுமார் 96 கடல் மைல். அதில் எட்டில் ஒரு பங்கு பிசகினாலே 12 மைல். அதைக் கையில் பிடித்துப் பிழைத்தவர்கள் சிறுவயதிலிருந்து அதிலேயே வளர்ந்தவர்கள். 1976-இல் ஹவாயிலிருந்து தாஹிட்டி வரை கருவி எதுவுமில்லாமல் ஹோகுலேயா படகை வழிநடத்திய மௌ பியாய்லுக் அப்படித்தான் வளர்ந்தார். ஒரு வாரப் பயிற்சியில் அது வராது.

இடம் அறியத்தான் வேண்டாம் என்கிறேன். திசை அறிவதற்கு வெள்ளி நம் கடலில் மிக நல்ல துணை. நாம் நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருப்பதால் இங்கே விண்மீன்கள் சாய்ந்து ஓடாமல் ஏறக்குறைய நேராக மேலே ஏறுகின்றன. திருவாதிரைக்குப் பக்கத்தில் வரிசையாக நிற்கும் மூன்று விண்மீன்கள் சரியாகக் கிழக்கில் எழுந்து சரியாக மேற்கில் விழுகின்றன. 20 டிகிரி உயரம் ஏறின பிறகும் திசை 3 டிகிரிதான் மாறியிருக்கும். பிழை பார்க்காத காம்பஸைவிட இது மேல். ரோகிணி கிழக்கிலிருந்து 17 டிகிரி வடக்கே எழும், சித்திரை 11 டிகிரி தெற்கே, கேட்டை 27 டிகிரி தெற்கே. இந்த நான்கு எண்ணை மனப்பாடம் செய்தால் ஏறக்குறைய ஆண்டு முழுவதும் இரவில் ஏதாவது ஒன்று எழும்போதோ விழும்போதோ கைகொடுக்கும். காம்பஸ் சரியாகக் காட்டுகிறதா என்று பார்க்கவும் இதைவிடச் சுலபமான வழி கிடையாது. செலவு ஒன்றுமில்லை.

தரைவழி ரேடியோ முறை பற்றியும் ஒரு வார்த்தை. லோரானை அமெரிக்கா 2010-இல் மூடியது. 2016-க்குப் பிறகு தென் கொரியா அதன் புதிய வடிவத்தை நோக்கித் திரும்பியது. நல்ல யோசனை. ஆனால் அது அரசு செய்ய வேண்டியது, படகு உரிமையாளரின் தெரிவுப் பட்டியலில் இல்லை.

சரி, எதை வாங்குவது?

காலையில் போய் மாலையில் திரும்பும் வள்ளமும் ஃபைபர் படகும் என்றால்: கணியம் முதலில், ஒரு சின்ன காம்பஸ் அடுத்து. ஜிபிஎஸ்ஸுக்கு மாற்றாகச் செல்போனே போதும். இரண்டாவது பெட்டிக்குப் பணம் போட வேண்டாம்.

வாரக்கணக்கில் தங்கும் ஆழ்கடல் படகுக்கு வரிசை வேறு. பிழை பார்த்து எழுதிய நல்ல காம்பஸும் வரைபடமும் நோட்டும் முதல். கையடக்க ஜிபிஎஸ் இரண்டாவது. கரை தெரியாத இடத்தில் கணியம் உதவாது என்றாலும், திரும்பி வரும் கடைசி இருபது மைலுக்கு அதுதான் வேண்டும். பணம் ஒன்றுக்குத்தான் போதும் என்றால் பலர் இரண்டாவது ஜிபிஎஸ்ஸைத்தான் சொல்வார்கள். நான் காம்பஸைச் சொல்வேன். காரணம், இரண்டாவது ஜிபிஎஸ் முதலாவது தவறும் அதே காரணத்தால் தவறக்கூடும். காம்பஸ் தவறினாலும் வேறு காரணத்தால்தான் தவறும். இரண்டும் ஒரே நேரத்தில் ஒரே பக்கம் பொய் சொல்ல வாய்ப்பு மிகக் குறைவு. திரை காட்டும் திசைக்கும் காம்பஸுக்கும் ஒத்துப்போகவில்லை என்றால் ஏதோ கோளாறு என்று அந்த நிமிடமே தெரிந்துவிடும்.

பாக் நீரிணையில் தொழில் செய்பவர்களிடம் மட்டும் நான் மாற்றிச் சொல்வேன். 1974, 1976 ஒப்பந்தங்களில் இந்தியாவுக்கும் இலங்கைக்கும் நடுவே வகுத்த எல்லைக்கோடு தண்ணீரில் தெரியாது. அது எண்களால் ஆன கோடு. கணியமோ வெள்ளியோ ஆழமோ அதை இரவில் காட்டித்தராது. அங்கே ஜிபிஎஸ் இரண்டு இருக்கட்டும், தனித்தனி பேட்டரியில். இரண்டும் ஒத்துப்போகாத நிமிடத்தில் எது சரி என்று ஆராயாமல் காம்பஸைப் பார்த்து மேற்கே திரும்பிவிட வேண்டும். ஒரு இரவின் பாடு போகும். பிடிபட்டால் படகே போகும், ஆட்கள் மாதக்கணக்கில் சிறையில் இருப்பார்கள்.

எதை வாங்கினாலும் பழகுவதற்குக் காலம் வேண்டும். 61 நாள் தடைக்காலத்தில் படகு கரையில் நிற்கும்போது நோட்டில் வேக அட்டவணை போடலாம், வரைபடம் பார்க்கப் பழகலாம், பெரியவர்களிடம் கேட்டுக் கணியங்களை எழுதியும் வைக்கலாம். தடை முடிந்ததும் முதல் ஓட்டத்தில் காம்பஸ் பிழையைப் பார்த்துவிடுங்கள். தொழில் தொடங்கியபின், ஒவ்வொரு முறை திரும்பும்போதும் கரைக்கு இரண்டு மணி நேரம் இருக்கையில் ஜிபிஎஸ் திரையை ஒரு துணியால் மூடிவிட்டு, படகில் உள்ள இளைஞர் ஒருவரிடம் சுக்கானைக் கொடுத்து, நோட்டை வைத்துத் துறைமுகம் சேரச் சொல்லுங்கள். டிரைவர் மட்டும் அவ்வப்போது துணியைத் தூக்கிப் பார்த்துக்கொள்ளட்டும். எத்தனை மைல் விலகியது என்று நோட்டில் எழுதுங்கள். அச்சிட்ட கடல் வரைபடங்களைத் தேராதூனில் உள்ள தேசிய நீர்ப்பரப்பாய்வு அலுவலகம் வெளியிடுகிறது. வாங்கும்போது உங்கள் துறைமுகத்தை ஒட்டிய பெரிய அளவு வரைபடம் ஒன்று, நீங்கள் தொழில் செய்யும் கடல் முழுதும் அடங்கும் சிறிய அளவு வரைபடம் ஒன்று, இரண்டையும் கேட்டு வாங்குங்கள்.